புதுப்பிப்பு: ஏஎஸ்கே 13-ஆ, 21-ஆ? முடிவாகிவிட்டது

கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பயிற்சிக்கு இரட்டை இருக்கை கொண்ட பழைய ஏஎஸ்கே 13-ஐயே வைத்துக்கொள்வதா, அதே போல இரட்டை இருக்கை கொண்ட 21-க்கு மாறுவதா என்று இங்கே கேட்டிருந்தேன். கிளப் 21-ஐ எடுத்துவிட்டது. 13-ன் மரத்துக்கும் துணிக்கும் வேலை தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை. அதுதான் உண்மையான காரணம். 21 முழுக்க ஃபைபர்.

ஒரு குறை உண்டு. 21 லேசில் ஸ்பின்னுக்குள், அதாவது இறக்கை தூக்குவிசை இழந்து சுழன்றபடி கீழே விழும் நிலைக்குள், போகாது. வாலில் எடை கட்டினால்தான் ஸ்பின்னையும் அதிலிருந்து மீள்வதையும் ஒழுங்காகச் சொல்லித்தர முடியும். லேசில் ஸ்பின்னுக்குள் போகாதது மாணவருக்கு நல்லதுதானே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்து அவர் ஏறப்போகும் ஒற்றை இருக்கை கிளைடர் இவ்வளவு பொறுமை காட்டாது.

அப்புறம் வின்ச், அதாவது கிளைடரைக் கயிற்றால் இழுத்து மேலேற்றும் தரை இயந்திரம். ஸ்டீல் கேபிளைக் கழற்றிவிட்டு செயற்கை இழைக் கயிறு போட்டாயிற்று. கனம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் உயரம் கிடைக்கிறது. ஒரே கயிற்றில் ஒற்றை இருக்கையும் இரட்டை இருக்கையும் மாறி மாறி ஏறுவதால் வீக் லிங்க்கில்தான் (இழுவிசை அளவு மீறினால் முதலில் அறுந்து கிளைடரைக் காக்கும் இணைப்புத் துண்டு) கவனம் தேவை: கறுப்பு அறுவது 1000 டெக்காநியூட்டனில் (ஏறக்குறைய 1000 கிலோ எடையின் இழுவிசை), நீலம் 600-ல். எந்த கிளைடருக்கு எது என்று அதன் கையேட்டில் இருக்கும். கயிறு மாட்டுபவர் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல, பைலட் சரி என்ற பிறகுதான் கொக்கியில் மாட்டுகிறோம்.