கோவில்பட்டி அப்பாவை ஜார்ஜியா கிராமப்புறத்துக்குக் கூட்டிப்போகணும்: பிராவிடன்ஸ் கேன்யன் சரிவருமா?

கரிசல்மண்:
வணக்கம். அட்லாண்டாவில் இருக்கிறேன். அப்பா அம்மா முதல்முறையாக வந்திருக்கிறார்கள். அப்பா கோவில்பட்டி பக்கம் நாற்பது வருஷம் மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் போட்டவர். அக்வேரியம், கோகோ கோலா மியூசியம் எல்லாம் காட்டிவிட்டேன். "நல்லாருக்குப்பா" என்பதோடு சரி. காரில் போகும்போதுதான் கண் விரிகிறது, ஜன்னல் வழியே நிலத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார். ஸ்டூவர்ட் கவுண்டியில் பிராவிடன்ஸ் கேன்யன் என்று ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறதாமே, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி உண்டு. சமாளிப்பாரா? பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

மரியெட்டா_குமார்:
இரண்டரை மணி நேர டிரைவ். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. பார்க்கிங்குக்குக் கட்டணம் உண்டு.

கொலம்பஸ்_அக்கா:
தம்பி, கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். நான் கொலம்பஸில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான்.

போகிற வழியிலேயே அப்பாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். "குட்டி கிராண்ட் கேன்யன்" என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது ஆறு அறுத்த பள்ளம் இல்லை. விவசாயம் அறுத்தது. அந்தச் சீமை மஸ்கோகீ என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களிடமிருந்து பறித்த நிலத்தை 1827இல் லாட்டரி போட்டு வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் காட்டை வெட்டிச் சாய்த்து, கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தி போட்டார்கள். மண் அரிக்காமல் இருக்க எதுவும் செய்யவில்லை. மேலே இருந்த செம்மண் போனதும் அடியில் இருந்தது வெறும் மணல், பிடிமானமே கிடையாது. 1850 வாக்கில் இடுப்பளவு ஓடை. இன்றைக்கு 150 அடி ஆழம்! பள்ளம் நெருங்கி வந்ததால் அங்கே இருந்த தேவாலயத்தையே சாலைக்கு எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டினார்கள், 1859இல். கட்டடம் இன்னும் நிற்கிறது.

முட்டிவலி என்றால் மேலே விளிம்பு ஓரமாகவே நடக்கட்டும். வேலி போட்டிருக்கிறது, அதைத் தாண்டி யாரையும் விடாதீர்கள், ஓரம் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. உட்கார பெஞ்சும் மேஜையும் உண்டு. கீழே இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முடிந்தால் நீங்கள் மட்டுமாவது இறங்குங்கள். அடித்தளத்தில் எப்போதும் பாதம் நனைகிற அளவுக்குத் தண்ணீர் ஓடும், அதனால் பழைய ஷூ போதும். அங்கே பள்ளங்கள் பல, எண் போட்டிருக்கும்; நான்காவது, ஐந்தாவது பள்ளங்கள்தான் அழகு. சுவரில் மேலே ரத்தச் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, ரோஸ், அதற்குள் வெள்ளைக் கோடுகள். அந்த வெள்ளை நம்ம நாமக்கட்டி மாதிரிக் களிமண்தான். நனைந்திருந்த இடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வழுக்கியது, காய்ந்ததும் விரல் ரேகை எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் என்றால் இன்னொரு அதிர்ஷ்டம். பிளம்லீஃப் அசேலியா என்ற அபூர்வச் செடி ஜூலை, ஆகஸ்டில் அங்கே பூக்கும். மற்ற அசேலியா எல்லாம் வசந்தத்தில் பூத்து முடிந்த பிறகு இது மட்டும் செக்கச்செவேலென்று நிற்கும்.

பக்கத்து லம்ப்கின் ஊரில் 1836இல் கட்டிய பெடிங்ஃபீல்ட் சத்திரம் இருக்கிறது, குதிரை வண்டிக் காலத்துப் பயணிகள் தங்கின வீடு. திறந்திருக்குமா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். இந்தப் பக்கம் ஒரு மியூசியத்துக்குக் கேட்காமல் போய், மாமியாரோடு பூட்டின கதவு முன்னால் நின்றிருக்கிறேன். அலபாமா எல்லை பக்கம் என்பதால் போனில் மணி திடீரென்று ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதை நம்ப வேண்டாம். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், சைவச் சாப்பாடு தேடி அலைய முடியாது.

திரும்பும்போது பிளெய்ன்ஸ், முக்கால் மணி நேரம். அது சம்டர் கவுண்டி, ஜிம்மி கார்ட்டர் ஊர். அவர் வளர்ந்த பண்ணை வீடு, கடை, காற்றாலை எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கடலை விவசாயி ஜனாதிபதியான ஊர் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் கார்ட்டரின் தாயார் லில்லியன் கதையைச் சொல்லுங்கள்: 68 வயதில் பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பில் சேர்ந்து மும்பை விக்ரோலியில் நர்ஸாக வேலை பார்த்தவர்.

ஆகஸ்டா_ரவி:
பிளெய்ன்ஸிலிருந்து ஆண்டர்சன்வில் பக்கம்தான். உள்நாட்டுப் போரில் 45,000 வீரர்களை அடைத்து, கிட்டத்தட்ட 13,000 பேர் செத்த சிறை முகாம். ஆனால் அதே நாளில் வேண்டாம். கல்லறை வரிசையைப் பார்த்தால் பெரியவர்கள் மனசு கனத்துப்போகும்.

கரிசல்மண்:
போய்வந்தோம். அக்காவுக்குக் கோடி நன்றி. அப்பா விளிம்பில் ஒரு மணி நேரம் நின்றார். "பருத்தியா போட்டாங்க? இந்தச் சரிவுலயா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு எங்கள் மேட்டுக்காட்டில் தாத்தா மழைக்கு முன்னால் வரப்பு வெட்டினதை, அவர் இறந்த வருஷம் அது உடைந்ததை, அம்மாவும் இவரும் ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு போய் மண் அணைத்ததைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

பிளெய்ன்ஸில் அவிச்ச கடலை வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு, "உப்பு கூட. கடலை நல்ல முத்துன கடலை" என்றார். இரண்டு பை வாங்கிக்கொண்டோம்.