வோல்டன்பெர்க் முகாம் வகுப்புகள்: தகவல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட போலந்து அதிகாரிகள், வோல்டன்பெர்க் முகாமில் முள்வேலிக்குள்ளேயே நடத்திய வகுப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி அதிகாரிகளைக் கட்டாய வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதால் கிடைத்த நீண்ட ஓய்வை, அவர்கள் படிப்பிலும் நாடகத்திலும் செலவிட்டார்கள். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த தபால்தலைகளோடு முகாமுக்குள் தனி அஞ்சல் சேவையே நடந்தது. தொல்லியல் அறிஞர் காஜிமியேஜ் மிகாவோவ்ஸ்கி அங்கே எகிப்தியவியல் பாடம் எடுத்தார் (பசியோடு பிரமிடுகளைப் பற்றிக் கேட்டவர்களை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது).

அங்கே படித்த பாடங்களையும் எழுதிய தேர்வுகளையும் போருக்குப் பின் போலந்துப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டனவா என்பதே என் முக்கியமான கேள்வி. போலிஷ் அல்லது ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவர்களும், தோபியெக்னியெவ் (வோல்டன்பெர்க்கின் இன்றைய போலிஷ் பெயர்) நகரிலுள்ள முகாம் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களும், வகுப்புக் குறிப்பேடுகளின் படங்கள் இருந்தால் தயவுசெய்து இங்கே பகிருங்கள்.