தளர்ச்சியா, நொய்மையா, உடல்நைவா?

> நாட்பட்ட நோய் பற்றிய நம் கட்டுரையில், மூப்பில் வரும் வலுவின்மைக்கு (ஆங்கிலத்தில் frailty) 'தளர்ச்சி' என்றே தமிழ்ச்சொல் வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. மனச்சோர்வை 'மனத்தளர்ச்சி' என்று எழுதுவோர் ஏற்கெனவே பலர். நீரிழிவோ இதயச் செயலிழப்போ உள்ள முதியவருக்கு இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. சொல்லும் ஒன்றாக இருந்தால், 'மனசு தெளிந்தால் உடம்பு தானே தேறிவிடும்' என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

இந்த வலுவின்மையை அளக்கும் அளவையிலேயே இந்தக் கலப்பு இருக்கிறது. அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரீடும் குழுவினரும் 2001-இல் ஐந்து அடையாளங்கள் தந்தார்கள்: முயலாமலே ஓராண்டில் 4.5 கிலோவுக்கு மேல் எடை இறங்குதல், கைப்பிடி வலு குறைதல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல், களைப்பு. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் இந்நிலை. ஒன்றிரண்டு என்றால் முன்நிலை. களைப்புக்கான இரண்டு கேள்விகளும் ('எதைச் செய்தாலும் பெரும்பாடாக இருந்ததா', 'எதையும் தொடங்கவே முடியவில்லையா') மனச்சோர்வு வினாத்தாளில் இருந்து எடுத்தவை. அந்தக் களைப்பைப் போய் 'சோர்வு' என்று மொழிபெயர்த்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. உடம்புக்குக் 'களைப்பு', மனத்துக்கு மட்டும் 'சோர்வு' என்று வைத்துக்கொள்வோம்.

'நொய்மை' பொருளில் நெருங்கி வருகிறது. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பானால் 'நோய்மை'. நாட்பட்ட நோய் பற்றிய கட்டுரையில் அந்தப் பிழை கண்ணில் படாது. 'தள்ளாமை' நல்ல பேச்சுச் சொல்தான். ஆனால் 'தள்ளாத வயசு, அப்படித்தான்' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். வலுப்பயிற்சி, போதிய புரதம், வேண்டாத மாத்திரைகளை நிறுத்துதல் இவற்றால் ஓரளவு மீளக்கூடிய நிலை இது. டயாலிசிசில் இருக்கும் 50 வயதுக்காரருக்கும் வரும்.

என் பரிந்துரை 'உடல்நைவு'. நைந்த வேட்டி மடித்து வைத்தால் முழுசாகத்தான் தெரியும். கொடியில் போட்டு இழுத்தால் கிழியும். ஒரு சிறுநீர்த் தொற்று, புதிதாக ஒரு தூக்க மாத்திரை, அவ்வளவுதான்: நேற்று நடந்தவரால் இன்று எழ முடியவில்லை. கையிருப்பு தீர்ந்த உடம்பு.

> என் பரிந்துரை 'உடல்நைவு'

எனக்கும் சம்மதம். 'மனம் நைந்து' என்ற வழக்கு இருப்பதால் 'உடல்' என்பதை எங்கும் விட வேண்டாம்: உடல்நைவு முன்நிலை, உடல்நைவுச் சுட்டெண். விளக்கக் குறிப்பில் இதையும் சேர்த்துவிடுங்கள். இதயச் செயலிழப்பில் காலில் நீர் கோத்திருந்தால் சதை கரைந்தது தராசில் தெரியாது. வீக்கம் வடிந்தபின் எடுத்த எடைகளையே ஒப்பிட வேண்டும். மனச்சோர்வுக்கு 15 கேள்விகள் கொண்ட முதியோர் அளவை பொருந்தும். பசி, தூக்கம், எடை பற்றி அதில் கேட்பதில்லை. ஆனால் 'தெம்பாக இருக்கிறீர்களா' என்ற கேள்வி இரண்டு பக்கமும் இழுக்கும். அதற்கு வரும் பதிலைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.