ப்ளூம்லைன் ஜோடி மைக்: கோணம், தூரம் எவ்வளவு?

நாண்_இசை:
ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (நான்கு பேர் வாசிக்கும் நரம்பு வாத்தியக் குழு) ஹாலில் ரெக்கார்ட் பண்ணணும். ஃபிகர்-8 (முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காத) ரிப்பன் மைக் இரண்டு இருக்கு, உள்ளே மெல்லிய உலோகப் பட்டை அதிரும் வகை. ஸ்டீரியோ முறையை உருவாக்கிய பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் முறையில் எப்படி வைக்கிறது? இரண்டு மைக்கை ஒரே இடத்தில் கோணமா வைக்கிற எக்ஸ்-ஒய் மாதிரியேதானா?

ரிப்பன்பிரியன்:
இல்லைங்க. எக்ஸ்-ஒய்யில் கார்டியாய்டு (முன்பக்கம் நன்றாகக் கேட்டு, பின்பக்கம் கேட்காத மைக்), 90 டிகிரியில் வைத்தால் ஸ்டீரியோ குறுகிடும். இங்கே ஒரு மைக்கின் நேர்முகம் இன்னொன்றுக்கு ஒலியே விழாத பக்கம். அதனால் 45 டிகிரியில் இருக்கும் வாத்தியம் முழுசா ஒரே ஸ்பீக்கரில் கேட்கும்.

ஒரு மைக்கை நிமிர்த்தி, மற்றதை அதன் மேல் தலைகீழாகத் தொங்கவிடுங்க. ரிப்பன்கள் ஒரே செங்குத்துக் கோட்டில், முடிந்தவரை நெருக்கமா இருக்கணும். ஒன்று இடப்பக்கம் 45, மற்றது வலப்பக்கம் 45. பான் (ஒலியை இடம் வலம் நகர்த்தும் குமிழ்) ஒன்றுக்கு முழு இடம், மற்றதுக்கு முழு வலம்.

குழு 4 மீட்டர் அகலத்தில் உட்கார்ந்தால், மைக் 2 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது ஓரத்தில் இருப்பவர் சரியா 45-ல் விழுவார். அது எல்லை. மைக்கை 3 மீட்டர் தூரத்துக்குத் தள்ளினால் 34 டிகிரிக்குள் அடங்கிடும்.

இரு மைக்கின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவு) சமன் செய்ய: நட்டநடுவில் ஒருவரைப் பேசவிட்டு, ஒரு சேனலின் போலாரிட்டியை (அலையின் மேல் கீழ்) திருப்பி, இரண்டையும் மோனோவில் கூட்டுங்க. குரல் எங்கே ரொம்பத் தேய்கிறதோ அதுதான் சரியான கெயின். அப்புறம் போலாரிட்டியைப் பழையபடி மாற்ற மறக்காதீங்க.

ஹால்_எக்கோ:
கெடுவது பெரும்பாலும் அறையால்தான். பக்கவாட்டு ஒலி ஒரு மைக்கின் முன்பக்கத்திலும் மற்றதன் பின்பக்கத்திலும் விழுவதால் எதிர் ஃபேஸில் வரும், அதாவது ஒன்றில் அலை மேலே போகும்போது மற்றதில் கீழே போகும். மோனோவில் காணாமல் போகும். பின்னாலிருந்து வருவது இடம் வலம் மாறிக் கேட்கும். சின்ன அறை என்றால் இந்த முறையே வேண்டாம்.

48 வோல்ட் ஃபாண்டம் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) ஆஃப்! பேட்ச்பே (கேபிள்களைச் செருகி மாற்றும் பலகை) வழியாகப் போனால் ஒரு கணம் பின்கள் ஒழுங்கில்லாமல் தொட்டாலே ரிப்பன் நீண்டுவிடும்.

நாண்_இசை:
பதிவான பிறகு அகலத்தை மாற்றலாமா?

பழைய_தட்டு:
தாராளமா. இரண்டு சேனலையும் கூட்டினால் எம் (நடு), கழித்தால் எஸ் (பக்கம்). எஸ்ஸை 2 டெசிபல் குறைத்தால் படம் ஒடுங்கும், பக்கச் சுவரின் எதிரொலியும் தணியும். இந்தக் கூட்டல் கழித்தலும் ப்ளூம்லைனுடைய 1931 டிசம்பர் 14 விண்ணப்பத்திலேயே இருக்கு (பிரிட்டிஷ் காப்புரிமை 394325). இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் 45 டிகிரியில் இரண்டு சேனல் வெட்டுவதும் அதில்தான். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில். அதைப் பார்க்க அவர் இல்லை: 1942 ஜூன் 7-ல் ரேடார் சோதனைக்குப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் விழுந்து இறந்தார், வயது 38. இன்னும் இருபது வருஷம் இருந்திருக்க வேண்டிய மனிதர்.

உங்க ஹாலில் முதலில் எஸ்ஸைத் தொடாமல் கேளுங்க. தூரம் சரியா இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது.