ஆர்எஸ்ஐ 74 காட்டுகிறது, விற்றுவிட்டு இறங்கியதும் வாங்கலாமா?

காங்கேயம்காளை:
வணக்கம். என்னிடம் நிஃப்டி பீஸ் (நிஃப்டி குறியீட்டைப் பின்பற்றும், பங்குபோல வாங்கி விற்கிற ஃபண்ட்) இருக்கிறது. பெரும்பகுதி பத்து மாதத்துக்கு முன்னால் மொத்தமாக வாங்கியது, அப்புறம் மாதாமாதம் கொஞ்சம் சேர்த்தது. அந்த முதல் லாட்டில் மட்டும் லாபம் 60,000 பக்கம் வரும். தினசரி சார்ட்டில் ஆர்எஸ்ஐ (விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100க்குள் காட்டும் எண்) 74. எழுபதைத் தாண்டினால் விற்றுவிடு, முப்பதுக்கு வந்தால் வாங்கு என்றுதான் நான் பார்க்கிற யூடியூப் சேனல் எல்லாம் சொல்கின்றன. ஆனால் எம்ஏசிடி (விலைப் போக்கைக் காட்டும் இன்னொரு இண்டிகேட்டர்) இன்னும் தன் சிக்னல் கோட்டுக்கு, அதாவது தன் சொந்தச் சராசரிக்கு, மேலே, அதன்படி வைத்திருக்க வேண்டும். பிஇ (விலை, லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம்) இன்னொரு கதை சொல்கிறது. எதன் பேச்சைக் கேட்பது? கை துறுதுறுக்கிறது.

பழைய_டீமேட்:
ஆர்எஸ்ஐயை ஒரு முறை பேப்பரில் போட்டுப் பாருங்கள், பாதி மயக்கம் தெளிந்துவிடும். கடைசி 14 நாளில் ஏற்றத்தின் சராசரி 6 ரூபாய், இறக்கத்தின் சராசரி 2 ரூபாய் என்றால் விகிதம் 3, அதாவது மொத்தம் 8இல் ஏற்றம் 6, ஆர்எஸ்ஐ 75. அவ்வளவுதான் விஷயம். அடுத்த ஒரு மாதமும் இதே விகிதத்தில் போனால் விலை எங்கேயோ ஏறியிருக்கும், ஆர்எஸ்ஐ மட்டும் அதே 75இல் உட்கார்ந்திருக்கும். 2020 கடைசியில் அப்படித்தான், நிஃப்டி 13,000ஐ நெருங்கும்போதே எழுபதைத் தொட்டுவிட்டது, விற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க 2021 பிப்ரவரியில் 15,000 வந்தது.

எம்ஏசிடி என்பது 12 நாள் சராசரிக்கும் 26 நாள் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். அதுவும் இதே விலையிலிருந்துதான் பிறக்கிறது. இரண்டும் ஒத்துப்போனாலும் ஒரே ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு தடவை சாட்சி சொன்ன கதைதான்.

சார்ட்பிரியன்:
இப்படி ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம் அண்ணே. விலை தன் 200 நாள் சராசரிக்குக் கீழே போனால் வெளியே வா என்ற ஒரே விதியை 2008இல் பிடித்துக்கொண்டவர் 5,000ஐ ஒட்டி வெளியேறியிருப்பார். அந்த அக்டோபரில் நிஃப்டி 2,300க்கும் கீழே போனது. இண்டிகேட்டர் உச்சியைக் காட்டாது சரி, பெரிய சரிவில் முழுதாக மாட்டாமல் காப்பாற்றும்.

பழைய_டீமேட்:
2008 மாதிரி மாதக்கணக்கில் இறங்கினால் காப்பாற்றும், ஒத்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் என்ன ஆனது? 50 நாள் சராசரிக் கோடு 200 நாள் சராசரிக் கோட்டை மேலிருந்து கீழே வெட்டுவதற்குள் முக்கால்வாசி சரிவு முடிந்துவிட்டது. திரும்ப மேலே வெட்டும்போது நிஃப்டி 11,000ஐத் தாண்டியிருந்தது. அடியில் விற்று மேலே வாங்கு என்று சொல்கிற கோடு! பக்கவாட்டில் நகரும் சந்தையில் இன்னும் மோசம், திரும்பத் திரும்ப உள்ளே வெளியே ஆட வைக்கும்.

விக்ஸ் (சந்தை எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்க்கிறது என்று காட்டும் 'பய' எண்) பார்க்கலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன். அதே மார்ச் நடுவில் இந்தியா விக்ஸ் 40ஐத் தொட்டபோது நிஃப்டி 9,500 சுற்றி இருந்தது. இவ்வளவு பயம் போதும் என்று வாங்கியவர்களுக்கு 23ஆம் தேதி ஒரே நாளில் 13% இறங்கி 7,610 காட்டியது.

தூத்துக்குடி_கணக்கர்:
பிஇ பற்றி யாரும் பேசவில்லையே. 2021 தொடக்கத்தில் நிஃப்டி பிஇ 40ஐத் தாண்டியது. ஊரடங்கில் கம்பெனிகளின் லாபம் சுருங்கியதால் கீழ் எண் சிறிதாகி விகிதம் ஊதியது, அது ஒரு காரணம். அப்புறம் அந்த மார்ச் கடைசியில் என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) தனி நிறுவனக் கணக்கை விட்டு, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்குக்கு மாறியது, நாற்பது முப்பத்துமூன்றானது. ஆகவே 'இருபது என்றால் மலிவு' என்ற பழைய அட்டவணையை இன்றைய எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

காங்கேயம்காளைக்கு அதைவிட அவசரமான எண் ஒன்று இருக்கிறது. பத்து மாதத்தில் விற்றால் குறுகிய கால லாபம், 20% வரி. அறுபதாயிரத்துக்கு 12,000, செஸ் (வரியின் மேல் 4% கூடுதல்) சேர்த்தால் 12,480. பன்னிரண்டு மாதம் தாண்டிவிட்டால், வேறு நீண்ட கால லாபம் எதுவும் இல்லாதபட்சத்தில், வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரியே கிடையாது. இரண்டு மாதம் பொறுக்காமல் இப்போதே விற்க வேண்டும் என்றால் அந்த 12,480ஐ ஈடுகட்டுகிற அளவுக்காவது இறங்க வேண்டும், நீங்களும் அந்த அடியில் சரியாக வாங்க வேண்டும். அவசரத்துக்குப் பணம் தேவை என்றால் வேறு பேச்சு.

காங்கேயம்காளை:
பணம் இப்போது தேவையில்லை. இரண்டு மாதம் விட்டுவிடுகிறேன். மாதாமாதம் சேர்த்ததற்கும் அதே தேதிதானா?

தூத்துக்குடி_கணக்கர்:
இல்லை, ஒவ்வொரு வாங்கலுக்கும் அதனதன் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம். ஒரே டீமேட் கணக்கில் இருந்தால் முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்காகும், அதனால் மொத்தமாக வாங்கிய லாட் தானாகவே முன்னால் போய்விடும். பன்னிரண்டு மாதம் முடிந்த யூனிட்களின் எண்ணிக்கையைத் தாண்டாமல் மட்டும் பார்த்து விற்கவும்.