இலையுதிர் மாத வாசிப்பு: எந்தப் புத்தகம், எந்த வடிவில்?

அக்டோபர் வந்தால் அந்த மாதத்தை வாசிப்புக்கென்று ஒதுக்கிவிடுவேன். பல வருடப் பழக்கம். எத்தனை புத்தகம் முடிக்கலாம் என்று கணக்குப் போடுவதில்லை. நாளின் எந்த நேரத்தில் கண் சும்மா இருக்கும், எந்த நேரத்தில் காது மட்டும் சும்மா இருக்கும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அச்சா, ஒலியா, மின்னூலா என்பது அதிலிருந்தே முடிவாகிவிடும்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும். அதற்குப் பிறகு பூமியின் வடபாதியில் பகல் வேகமாகக் குறையும். 50 பாகை வட அட்சரேகையை ஒட்டிய ஊர்களில் அக்டோபர் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே பகல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் சுருங்கிவிடுகிறது. மாதத் தொடக்கத்தில் ஜன்னலோரம் அச்சுப் புத்தகத்தோடு கழிந்த மாலை, மாதக் கடைசியில் இருட்டிவிடும். அதனால் பொடி எழுத்துப் புத்தகங்களை முதல் பாதியிலேயே எடுத்துவிடுவேன். பின்பாதி மாலைகள் ஒலிப்புத்தகத்துக்கு.

ஒலிப்புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதன் அளவைப் பக்கத்தில் பார்க்காதீர்கள், மணியில் பாருங்கள். 10 மணி நேர நூலை தினம் அரை மணி கேட்டால் 20 நாள் ஆகும், 1.25 மடங்கு வேகத்தில் 16 நாள். ஆனால் நல்ல குரல் வாய்த்தால் வேகத்தைக் கூட்ட மனமே வராது. ஒரு தன்வரலாற்றை எழுதியவரே வாசிக்கக் கேட்டேன். தாயின் மரணத்தைச் சொல்லும் இடத்தில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் விட்ட மௌனம் எந்த அச்சிலும் வராது. நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அன்று முதல் தன்வரலாறு என்றால் எனக்கு ஒலிதான். லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் தன்னார்வலர்கள் 2005 முதல் காப்புரிமை தீர்ந்த நூல்களை வாசித்து இலவசமாகத் தருகிறார்கள். குரலுக்குக் குரல் தரம் மாறும், முதல் அத்தியாயத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மின்னூல் படிப்பானில் தலையணை கனமுள்ள நாவல்கள். அதன் மின்மைத் திரை (அச்சுத்தாள் போலத் தெரியும் இ-இங்க் திரை) பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரத்தைப் பெரிதாக இழுக்கும், அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் தாமாக ஒழுங்காகிக்கொள்ளும். பிடிஎஃப் அப்படியில்லை, சின்னத் திரையில் பக்கத்தை நகர்த்தி நகர்த்தியே சலித்துப்போகும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பிடிஎஃப்களை நான் கணினியிலோ டேப்லெட்டிலோதான் வாசிக்கிறேன். படக்கதை நூலுக்கு அச்சை விட்டால் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் அனுபவம் எப்படி?

*

கேட்டதற்கு என் அனுபவம்: மூன்று தலைமுறைக் குடும்பக் கதை ஒன்றைப் போன இலையுதிர் காலத்தில் ஒலியில் கேட்டேன். தாத்தா பெயரே பேரனுக்கும். யார் பேசுகிறார்கள் என்பது பாதி நேரம் பிடிபடவில்லை. பிறகு நூலகத்தில் அதே நூலின் அச்சுப் பிரதி கிடைத்தது. முதல் பக்கத்திலேயே வம்ச வரைபடம்! அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டேன், அருமையாகப் போனது. இப்போது பெரிய நாவல் எதையும் இரண்டு வடிவத்திலும் எடுத்துக்கொள்கிறேன். பக்க எண் ஒலிக்கு உதவாது என்பதால் அத்தியாயம் முடிகிற இடத்தில்தான் வடிவம் மாறுவேன்.

*

முதல் பதிவோடு ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். பொடி எழுத்து நூல்களை முதல் பாதிக்குள் அவசரமாக முடிக்க வேண்டியதில்லை. கவிதைத் தொகுப்பு ஒன்றை மாதம் முழுக்க அச்சில் வைத்திருங்கள், காலையில் ஒரு பக்கம் போதும். நான் ஒரு கவிதையை முதலில் கண்ணால் வாசிப்பேன், அப்புறம் வாய்விட்டு. ஓசை பிடிபட்ட பிறகு அதே வரிகள் வேறாகத் தெரியும்.

இன்னொன்று: நூலகத்தில் மின்னூல் இரவல் எடுப்பவர்கள் செப்டம்பரிலேயே வரிசையில் பெயர் கொடுத்துவிடுங்கள். பல நூலகங்களில் இரவல் காலம் 14 அல்லது 21 நாள்தான். காத்திருந்த நூல்களெல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால், மெலிந்ததை முதலில் எடுங்கள். தடித்ததைத் தள்ளிப்போட வசதி இருந்தால் தள்ளிவையுங்கள்.