கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போன பிறகு அங்கிருந்த பல்கலைக்கழகங்களுக்கு என்ன ஆனது?

மதுரைக்காரி:
அக்டோபரில் லைப்சிக்கில் வரலாறு முதுகலை சேரப் போகிறேன். அந்தப் பல்கலைக்கழகம் 1953 முதல் 1991 வரை கார்ல் மார்க்ஸ் பெயரில் இருந்ததாகப் படித்தேன். பெயரை எடுத்தார்கள், சரி. உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆய்வேட்டுக்கு இதையே எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை.

பழைய வேதியியல்காரன்:
நான் இருந்தேன் அம்மா. எண்பதுகளின் கடைசியில் உதவித்தொகையில் போனேன். லைப்சிக் ஹெர்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஜெர்மன் படித்துவிட்டு, வேறொரு கிழக்கு ஜெர்மன் ஊரில் ஆராய்ச்சி. எந்த ஊர் என்று சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

அங்கே மார்க்சிய-லெனினியப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். பல் மருத்துவம் படித்தாலும் பாலம் கட்டப் படித்தாலும் அதில் தேற வேண்டும். பெர்லின் சுவர் திறந்த அந்தக் குளிர்காலத்திலேயே எங்கள் ஊரில் அந்த வகுப்புக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கஷ்டம் அதற்கப்புறம்தான். 1990 அக்டோபர் 3-ல் நாடு ஒன்றானது. எந்தத் துறையை வைத்துக்கொள்வது, எதைக் கலைப்பது என்று மாநில அரசுகள் முடிவு செய்தன. லைப்சிக்கில் சட்டம், இதழியல், மார்க்சிய-லெனினியம் எல்லாம் கலைப்புப் பட்டியலில் வந்தன. கலைத்த இடத்தில் இருந்தவர்களுக்கு ஆறு மாதம் 70 சதவீதச் சம்பளம், 50 வயது தாண்டியிருந்தால் ஒன்பது மாதம். அதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் வேலை போயிற்று.

எங்களுடையது வேதியியல், அதனால் கலைக்கவில்லை. ஆனால் எல்லோர் கையிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியில் என்ன பொறுப்பில் இருந்தீர்கள்? உளவுத்துறையான ஸ்டாசிக்கு வேலை செய்ததுண்டா? உளவு சொல்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுண்டா? பேராசிரியர் முதல் எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை ஊதித் தருகிறவர் வரை எல்லோரும் நிரப்ப வேண்டும். அந்தக் கண்ணாடிக்காரர் முதலில் ஒரு பழைய தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்தார். அப்புறம் பேனாவால் படிவத்தில். இரண்டு கேள்விக்கு 'இல்லை' என்று எழுத அவருக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.

அவர் தப்பித்தார். தப்பிக்காதவர், மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தால் கண்டுபிடிக்கும் என்.எம்.ஆர். கருவியைப் பார்த்துக்கொண்ட மூத்த உதவியாளர் ஒரு பெண்மணி. எங்களுக்கு அவர் பெரியக்கா மாதிரி. கட்சியில் சேர மறுத்தவர், அதனாலேயே பேராசிரியர் ஆகாதவர். மேற்கத்திய உதிரி பாகம் வாங்கப் பணமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. அதனால் பழுதான மின்சுற்றுப் பலகைகளைத் தானே பற்றவைத்து அந்தக் கருவியை ஓட்டினார். விசாரணையில் அவர்மேல் ஒரு கறையும் இல்லை. ஆனாலும் அனுப்பிவிட்டார்கள். காரணம், 'இந்தப் பணியிடம் தேவையில்லை'. கிழக்கில் உதவியாளர்களில் பெரும்பாலோருக்கு நிரந்தர வேலை. மேற்கு முறையில் பேராசிரியருக்குத்தான் நிரந்தரம், கீழே இருப்பவர்களுக்கு ஒப்பந்தம். அந்த அமைப்பை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். மேற்கிலிருந்து புதுக் கருவி வந்தது. பிரித்து நிறுத்தும்போது அக்கா இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

பெர்லின்வாசி:
அண்ணா சொல்வது புரிகிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. மாணவர்களைப் பற்றி உளவுத்துறைக்கு எழுதிக் கொடுத்தவர் அதே வகுப்பில் நின்று பாடம் எடுப்பதை எப்படி ஏற்பது? பாதிரியார் பிள்ளை என்பதற்காகவே மேல்படிப்பு மறுக்கப்பட்டவர்கள் அந்த நாட்டில் இருந்தார்கள். ஸ்டாசி கோப்புகளைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது.

இங்கே ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர் ஹைன்ரிக் ஃபிங்க் 1990-ல் ரெக்டரானார், அதாவது பல்கலைக்கழகத் தலைவர். ஸ்டாசி தொடர்பு என்று 1991 நவம்பரில் நீக்கினார்கள். அவர் மறுத்தார், மாணவர்கள் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள். அதே பல்கலைக்கழகம் துறைக் கலைப்பை எதிர்த்து நீதிமன்றம் போய் வெற்றியும் பெற்றது. முன்மண்டபத்தில் தத்துவவாதி ஃபாயர்பாக் பற்றி மார்க்ஸ் எழுதிய பதினொன்றாவது கருத்துரை ('உலகை விளக்கினால் போதாது, மாற்ற வேண்டும்' என்பது) இன்னும் சுவரிலேயே இருக்கிறது.

மாஸ்கோ 92:
ரஷ்யாவில் நேர் எதிர். அங்கே படிவமும் இல்லை, விசாரணைக் குழுவும் இல்லை. கட்சிக் கொள்கையைப் பாடமாக நடத்திய 'அறிவியல் கம்யூனிசம்' துறைகள் பல, அரசியல் அறிவியல் துறைகளாயின. போர்டுதான் புதுசு, உள்ளே அதே ஆட்கள். அவர்களைத் துரத்தியது சம்பளம்தான். 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு போனதும் மாதச் சம்பளம் ரொட்டிக்கும் பாலுக்குமே போதவில்லை. எங்களுக்கு வகையீட்டுச் சமன்பாடு நடத்தியவர் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். நம்மவர்கள் நிறையப் பேர் படித்த லுமும்பா பல்கலைக்கழகம் 1992-ல் அந்தப் பெயரைக் கைவிட்டது. 2023-ல் திரும்ப வைத்துக்கொண்டார்கள்.

பழைய வேதியியல்காரன்:
பெர்லின்வாசி, கோப்பைத் திறந்தது சரியே. அதை நான் குறை சொல்லவில்லை. அதனால் நல்லதும் நடந்தது. லைப்சிக்கில் 1991-ல் ரெக்டரான கொர்னேலியுஸ் வைஸ் எங்கள் துறைக்காரர்தான், கோட்பாட்டு வேதியியல். கட்சியில் சேராதவர். அப்பா அணு விஞ்ஞானி. போருக்குப் பின் அவரை சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோனதால் மகன் அங்கே வளர்ந்தார். பழைய ஆட்சி இருந்திருந்தால் அவரை அந்த நாற்காலியில் உட்கார விட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம், ஆளைப் பார்த்து எடுத்த முடிவையும் பணியிடத்தைப் பார்த்து எடுத்த முடிவையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான். உளவு பார்த்தவரும் போனார், அக்காவும் போனார். ஊரில் கேட்டால் இருவரையும் ஒரே மாதிரி பார்த்தார்கள்: 'ஏதாவது இருந்திருக்கும், இல்லாமலா அனுப்பினார்கள்?' வேலை போனதைவிட அக்காவை உடைத்தது அந்தப் பேச்சு. இளையவர்களுக்கு வேறு வாசல் இருந்தது. ஐம்பதை நெருங்கிய ஒரு கருவி நிபுணரை யார் எடுப்பார்கள்?

மதுரைக்காரி:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ஆய்வேட்டுக்கு எங்கே தொடங்கலாம்?

பழைய வேதியியல்காரன்:
பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். அப்புறம் யான்அல்லே வளாகத்துக்கு ஒருமுறை போங்கள். முன்பு முதன்மைக் கட்டடத்தின் முகப்பில் இருந்த 33 டன் மார்க்ஸ் வெண்கலச் சிற்பம் இப்போது அங்கேதான் இருக்கிறது. அது இருந்த இடத்தில் இன்று பவுலினும் என்ற புதுக் கட்டடம். 1968 மே 30-ல் வெடி வைத்துத் தகர்த்த தேவாலயம் நின்ற மண் அது. இரண்டையும் பார்த்துவிட்டு வந்தால் காப்பகத் தாள்கள் சுலபமாகப் பிடிபடும்.

பேட்டி எடுப்பதானால் பேராசிரியர்களோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் நினைவுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வக உதவியாளர், நூலகர், ரஷ்ய மொழி ஆசிரியர், இவர்களைத் தேடிப் பிடியுங்கள். எல்லோருக்கும் எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது, முதல் செமஸ்டரிலேயே ஆரம்பியுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்டாசி பற்றிக் கேட்டால் கதவு மூடிவிடும். என்ன வேலை பார்த்தீர்கள், எந்தக் கருவி என்று கேளுங்கள்.